பிரதம விருந்தினரின் விண்சாளரம்

நாரந்தனை மார்க்கண்டு மாஸ்ரருக்கு மேடை புதிதல்ல. மேடையின் நடுக்கதிரைதான் புதிது.

உத்தியோக காலம் முழுவதும் அவர் பிரதி அதிபர். பாடசாலை விழாவென்றால் அதிபர் தலைமையுரை ஆற்றுவார். வெளியிலிருந்து வந்த பெரியவர் சிறப்புரை ஆற்றுவார். பிள்ளைகள் ஆடுவார்கள், பாடுவார்கள். கடைசியில், சனம் குனிந்து செருப்பைத் தேடத் தொடங்கும் நேரம் பார்த்து, “அடுத்து நன்றியுரை” என்று அறிவிப்பார்கள். அப்போது மார்க்கண்டு எழும்புவார். பந்தல் போட்டவருக்கு நன்றி, ஒலிபெருக்கி பூட்டியவருக்கு நன்றி, கதிரை இரவல் தந்த கோயிலுக்கு நன்றி. நன்றி சொல்லிச் சொல்லியே மனிதருக்குத் தலை நரைத்தது. இளைப்பாறிய பிறகும் ஊர் விடவில்லை. கூட்டுறவுச் சங்கக் கூட்டமா, கோயில் கும்பாபிஷேகமா, “நன்றியுரைக்கு மாஸ்ரர் இருக்கிறார்தானே” என்பார்கள். செத்தவீட்டு நினைவு மலரில்கூடக் கடைசிப் பக்கத்து ‘நன்றி நவிலல்’ அவருடைய கைவண்ணம்தான்.

நன்றி சொல்கிறவருக்கு மாலை போடுகிற வழக்கம் யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில் கிடையாது.

ஆகவே, சுருவில் சனசமூக நிலையத்தின் செயலாளர் நிரோஜன் ஒருநாள் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி, “சேர், எங்கட நிலையத்தில மழைத்தண்ணி சேர்க்கிற தாங்கி ஒண்டு கட்டியிருக்கிறம். நீங்கள்தான் பிரதம விருந்தினராய் வந்து திறந்து வைக்க வேணும்” என்றபோது மார்க்கண்டுவின் காது இரண்டும் சூடாகின. முதலில் கேட்ட இரண்டு பெரிய அதிகாரிகள் ஐப்பசி மாதத்தில் தீவுக்கு வர ஏலாது என்று கையை விரித்துவிட்டார்கள் என்ற செய்தி அவருக்கு ஏற்கெனவே எட்டியிருந்தது. ஆனால் தெரிந்ததையெல்லாம் ஒரு மனிதன் எந்நேரமும் நினைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று சட்டமா இருக்கிறது?

“வரத்தானே வேணும்” என்றார், நாட்குறிப்பைப் புரட்டிப் பார்ப்பவர்போல நெற்றியைச் சுருக்கி. பிறகு குரலைத் தாழ்த்தி, “அழைப்பிதழில ‘இளைப்பாறிய பிரதி அதிபர்’ எண்டு போடேக்கை, அந்தப் ‘பிரதி’யைக் கொஞ்சம் சின்ன எழுத்தில போடலாம் என்ன?” என்றார்.

நிரோஜன் அவரிடம் படித்தவன். தலையை ஆட்டினான். வாசல்வரை போனவன் திரும்பி வந்து தலையைச் சொறிந்தான்.

“சேர், மாலை… நிலையத்தில இப்ப காசு கொஞ்சம்…”

“அதை விடும். மாலையை நான் ஒழுங்கு பண்ணித் தாறன். நீங்கள் போட மட்டும் வேணும்.”

யாழ்ப்பாணத்துக்குப் பஸ் ஏறிப் போய் அவரே கடை கடையாக ஏறி இறங்கினார். பூமாலை படம் எடுத்து முடியுமுன் வாடிவிடும் என்று அதைத் தள்ளினார். கடைசியில் பொன் நூல் குஞ்சம் வைத்த முத்துமாலை ஒன்று அகப்பட்டது. முத்தென்றால் பிளாஸ்டிக் முத்துத்தான். ஆனாலும் கழுத்தில் போட்டுக் கண்ணாடியில் பார்த்தபோது, ‘பிரதி’ என்ற சொல் எங்கேயோ தொலைந்துபோனது.

அந்தக் கிழமைதான் மகன் லவன் ரொறொன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்து சேர்ந்தான். யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு எடுத்து வந்த வெள்ளைக் காரின் உச்சந்தலையில் ஒரு கண்ணாடிக் கதவு இருந்தது. சுவிட்சை அமத்தினால் சத்தமில்லாமல் பின்னுக்குப் போய் வானத்தைக் காட்டும். லவன் அதைச் சன்ரூஃப் என்றான். தாய் சறோஜினிதேவி ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, “ஓட்டை” என்றார். தமிழ்ப் பாடத்தில் விசேட பயிற்சி பெற்றிருந்த மார்க்கண்டு ஒரு பின்னேரம் முழுவதும் யோசித்து, “விண்சாளரம்” என்று பெயர் சூட்டினார்.

அந்த விண்சாளரத்தைக் கண்ட நேரம் தொட்டு அவருக்குச் சோறு இறங்கவில்லை. கலியாண வீடியோக்களில் புது மாப்பிள்ளையும் பொம்பிளையும் அப்படி ஒரு துவாரத்தால் எழும்பி நின்று கையசைப்பதை அவர் பார்த்திருக்கிறார். தேர்தல் காலத்தில் அரசியல்வாதிகளும் அப்படித்தான் வருவார்கள். சுருவில் சந்தியில் கார் மெதுவாகும். பாண்ட் வாத்தியக்காரர் முன்னுக்கு நிற்பார்கள். அப்போது, கிழக்கில் சூரியன் கிளம்புகிற மாதிரி, காரின் கூரையைப் பிளந்துகொண்டு பிரதம விருந்தினர் கிளம்புவார். நிரோஜனுக்குத் தொலைபேசியில் சொல்லியும் வைத்தார்: “என்ர தலை மேல தெரிஞ்ச உடனே வாத்தியம் தொடங்க வேணும். முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது.”

இவ்வளவு பெரிய காரியத்தை ஒத்திகை பார்க்காமல் செய்யலாமா?

விழாவன்று காலை. லவன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். சறோஜினிதேவி குசினியில் இடியப்பம் அவித்துக்கொண்டிருந்தார். தகரக் கொட்டகைக்குள் கார் நின்றது. முதல்நாள் புழுக்கத்துக்குத் திறந்த கூரையை லவன் மூடாமலே விட்டிருந்தான், கதவும் பூட்டவில்லை. மார்க்கண்டு சாரத்தை மடித்துக் கட்டி, வெறும் மேலில் முத்துமாலையைப் போட்டுக்கொண்டு, பின் ஆசனத்தில் ஏறி, விண்சாளரத்தால் எழும்பினார்.

சபையில் ஓர் ஆடும் இரண்டு கோழிகளும் சமூகமளித்திருந்தன.

மார்க்கண்டு இடப்பக்கம் கும்பிட்டார். வலப்பக்கம் கும்பிட்டார். பிறகு, தான் எழுதி மனப்பாடம் செய்திருந்த உரையின் மணிவாசகத்தை எடுத்துவிட்டார்: “மழைத்துளி ஒவ்வொன்றும் ஒரு முத்து! அந்த முத்துக்களை நாம் மண்ணில் சிந்த விடலாமா?” வலக்கை வானத்தை நோக்கி உயர்ந்தது. உயர்ந்த கையோடு மாலையும் உயர்ந்து கூரை விளிம்பில் கொளுவியது. கை இறங்கியபோது நூல் அறுந்தது.

முத்துக்கள் சிந்தின. ஆசனத்தில், கால்மிதியில், கொட்டகைத் தரையில், எங்கும் முத்து. ஒன்றைக் கோழி கொத்திப் பார்த்துவிட்டுத் துப்பியது. மார்க்கண்டு நாலு காலில் தவழ்ந்து கண்ணில் பட்டதையெல்லாம் பொறுக்கி, மனைவியின் தையல் பெட்டிக்குள் கைவிட்டு நூலெடுத்துக் கோர்த்தார். மாலை கொஞ்சம் கட்டையாகிப் போனது. தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. நிரோஜன் வந்து பையோடு வாங்கிக்கொண்டு போனான். ஆடு மட்டும் நெடுநேரம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றது.

நாரந்தனையிலிருந்து சுருவில் பக்கத்தில்தான். சைக்கிளில் போனால் வியர்க்கும் முன் போய்விடலாம். அது மார்க்கண்டுவுக்குப் பெரிய மனக்குறை. “ஊர்காவற்றுறைப் பக்கமாய் ஒரு சுத்துச் சுத்திப் போவம்” என்றார், காரின் பின் ஆசனத்தில் பட்டு வேட்டி கசங்காமல் அமர்ந்தபடி. “கடற்காத்து நல்லது.”

“ஆருக்கு நல்லது?” என்றார் பக்கத்தில் இருந்த சறோஜினிதேவி. “சனம் பார்க்க வேணும் எண்டு சொல்லுங்கோவன்.”

கூரை திறந்தபடியே கிடந்தது. சந்தை தாண்டி, துறைமுகம் தாண்டி, கடற்கரை வீதியில் திரும்பியபோது வாடைக்காற்று ஒரு குளிர்க் கையால் பிடரியைத் தடவியது. கடலின் அந்தப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. முதல் துளி மார்க்கண்டுவின் மூக்கில் விழுந்தது. இரண்டாவது அவருடைய மடியில் இருந்த உரையில்.

“தம்பி, விண்சாளரத்தைச் சாத்து.”

லவன் சுவிட்சை அமத்தினான். கண்ணாடி அழகாக முன்னுக்கு வந்தது. பாதி வந்தது. பிறகு, வழியில் கடன்காரனைக் கண்டவன்போலத் தயங்கி நின்று, வந்த வழியே திரும்பிப் போனது.

மறுபடி அமத்தினான். மறுபடி வந்தது. மறுபடி போனது.

“இது என்ன, கும்பிட்டுக் கும்பிட்டுப் போகுது?” என்றார் சறோஜினிதேவி.

“தண்டவாளத்துக்குள்ள ஏதோ சிக்கியிருக்கம்மா. ஏதும் தடக்கினால் கை நசியக் கூடாதெண்டு தானாய்த் திரும்பிப் போகும். அப்பிடித்தான் செய்து வைச்சிருக்கிறாங்கள்.” லவன் கண்ணாடிக்குள் தகப்பனைப் பார்த்தான். “அப்பா, காலமை காருக்குள்ள ஆரும் ஏறினதோ?”

காலையில் பொறுக்காமல் விட்ட முத்து மார்க்கண்டுவின் நினைவுக்கு வந்தது. எது சிக்கியிருக்கிறது என்று இந்த உலகத்திலேயே தெரிந்த ஒரே மனிதர் அவர்தான். ஓர் ஈர்க்குக் குச்சியை விட்டுக் கிண்டினால் வெளியில் வந்துவிடும். ஆனால் வந்தால், அது என்ன, எப்படி அங்கே போனது, வெறும் மேலோடு மாலை போட்டுக்கொண்டு காரின் கூரையால் எழும்பி ஆட்டுக்குப் பிரசங்கம் செய்தது ஆர் என்ற கேள்விகளும் சேர்ந்து வரும்.

“ஆடு ஏறியிருக்கும்” என்றார்.

சறோஜினிதேவி அவரைத் திரும்பிப் பார்த்தார். “ஆடு கதவைத் திறந்து ஏறினதோ?”

“அதுகள் இப்ப எல்லாம் செய்யுதுகள்.”

“ஓரமாய் நிப்பாட்டி லைற் அடிச்சுப் பார்க்கிறன்” என்று லவன் காரை மெதுவாக்கினான்.

“வேண்டாம்!” மார்க்கண்டு போட்ட சத்தத்தில் லவனின் கால் பிறேக்கில் இருந்து எழும்பிவிட்டது. “பிரதம விருந்தினர் எண்டவர் பிந்தி வரலாம். றோட்டில காரைக் கழட்டிக்கொண்டு நிக்கக் கூடாது. ஓடு.”

“நனையப் போறியள்.”

“குடை இருக்குத்தானே.”

குடை இருந்தது. சறோஜினிதேவி அதை ஓட்டையால் வெளியே நீட்டி விரித்தார். கொஞ்சத் தூரம் அது கோயில் வாகனத்துக்குப் பிடித்த குடைபோலக் கம்பீரமாகவே வந்தது. மார்க்கண்டு நிமிர்ந்துகூட உட்கார்ந்தார். பிறகு வாடை ஒரு மூச்சு விட்டது. குடை மேல்நோக்கி மலர்ந்தது; ஒரு கம்பி முறிந்தது; பிடி மட்டும் சறோஜினிதேவியின் கையில் நிற்க, மற்றது கடலைப் பார்த்துப் பறந்தது.

“என்ர தங்கச்சி லண்டனில இருந்து அனுப்பின குடை” என்றார் அவர். “உங்கட ஆட்டிட்டச் சொல்லி ஒண்டு வாங்கித் தாங்கோ.”

மழை இப்போது துளியாக இல்லை, வாளியாக இருந்தது. மூடின காருக்கு வெளியேதான் மழை பெய்யும் என்ற நம்பிக்கையில் வாழ்ந்தவர்கள் மூவரும் தெப்பமாகினர். சால்வையைத் தலையில் போட்டால் மேடைக்குச் சால்வை இல்லை. உரையைத் தலையில் போட்டால் உரை இல்லை. மார்க்கண்டு இரண்டையும் போட்டுக்கொண்டார்.

அப்போதுதான் மீனவர் வாடி ஒன்றின் தாழ்வாரத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு மழைக்கு ஒதுங்கி நின்ற பஸ்ரியாம்பிள்ளையை லவன் கண்டு, தகப்பனைக் கேட்காமலே காரை நிறுத்தினான். மோட்டார் சைக்கிளின் பின்னால் பெரிய வெள்ளை றெஜிபோம் மீன்பெட்டி. நாரந்தனையில் பாதி வீட்டுக் குசினிகளுக்கு மீன் கொடுக்கிறவர் அவர்தான். மார்க்கண்டுவோடு அரிவரி வகுப்பில் ஒரே வாங்கில் இருந்தவரும்கூட.

பஸ்ரியாம்பிள்ளை காரைச் சுற்றி வந்து பார்த்தார். குனிந்து உள்ளே பார்த்தார். தலையில் ஈரக் கடதாசியோடு இருந்த அரிவரி நண்பரைக் கண்டதும் பல்லெல்லாம் தெரிந்தது.

“என்ன மாஸ்ரர், காருக்குப் புகைக்கூடு வைச்சிருக்கிறியள்?”

“அது விண்சாளரம், பஸ்ரி.”

“ஓமோம். விண் முழுக்க உள்ளுக்குத்தான் வந்திருக்கு.”

“அண்ணை, இதை மூட ஏதும் இருக்கோ?” என்றார் சறோஜினிதேவி, தண்ணீர் சொட்டச் சொட்ட.

“என்ர பெட்டி மூடி இருக்கு அக்கா. அளவாய்த்தான் இருக்கும். மீன் வித்துப்போச்சு, பெட்டி வெறுமை. ஆனால்…” பஸ்ரியாம்பிள்ளை மார்க்கண்டுவின் பட்டு வேட்டியைப் பார்த்தார். “காலமை சூடையும் திருக்கையும் கிடந்த பெட்டி. அதுதான் யோசிக்கிறன்.”

“யோசிக்காதேயும், கட்டும்” என்றார் பிரதம விருந்தினர்.

மூடி ஓட்டைக்குப் பொருந்தியது, செய்து கொண்டுவந்ததுபோல. பஸ்ரியாம்பிள்ளை நைலோன் கயிற்றை ஒரு யன்னலால் விட்டு மறு யன்னலால் எடுத்து, கூரையைச் சுற்றி, முன்னும் பின்னுமாக இறுக்கி, கடலில் வள்ளம் கட்டுகிற முடிச்சாகப் போட்டார். “சூறாவளி வந்தாலும் கழராது. போட்டு வாங்கோ. ஆண்டவர் துணை.”

மழை நின்றுவிட்டது, மூடி கட்டி முடிந்தபிறகுதான் நிற்பதென்று முதலிலேயே தீர்மானித்திருந்ததுபோல நின்றது. காருக்குள் இப்போது ஈரம் மட்டும் இல்லை. திருக்கைக்கென்று ஒரு மணம் உண்டு. அது மூக்கால் வருவதில்லை, கண்ணால் வரும். லவன் யன்னலால் தலையை நீட்டிக்கொண்டு ஓட்டினான்.

“அப்பா,” என்றான் சற்றுத் தூரம் போனபின், “பின்னால ஏதோ வருது.”

மார்க்கண்டு திரும்பிப் பார்த்தார். காகங்கள். முதலில் ஒரு சோடி. ஒவ்வொரு மதகிலும் மேலும் சில வந்து சேர்ந்துகொண்டன. சுருவில் எல்லைக்குள் கார் நுழைந்தபோது, மந்திரிமாருக்குப் பின்னால் வரும் பரிவாரம்போல, ஒழுங்காகவும் உரத்த குரலோடும் காகப் படை ஒன்று வந்துகொண்டிருந்தது. மூடியில் இரண்டு ஏறிக் குந்தியிருந்தன. டொக், டொக் என்று அவை கொத்துகிற சத்தம் பிரதம விருந்தினரின் உச்சிக்கு நேர்மேலே கேட்டது.

சந்தியில் சுருவில் திரண்டு நின்றது. பாண்ட் வாத்தியக்காரர் ஊதுகுழலை உதட்டில் வைத்துக்கொண்டு நின்றார்கள். நிரோஜன் ஓடிவந்து, பணிவாகக் குனிந்து, காரின் பின்கதவைப் பிடித்து இழுத்தான். கதவு அசையவில்லை. மற்றப் பக்கம் ஓடி இழுத்தான். அதுவும் இல்லை. யன்னலால் யன்னலுக்குப் போன கயிறு நாலு கதவையும் சேர்த்தல்லவா கட்டியிருந்தது!

“முடிச்சை அவிழும்” என்றார் மார்க்கண்டு உள்ளே இருந்து.

நிரோஜன் அவிழ்த்துப் பார்த்தான். பல்லால் கடித்தும் பார்த்தான். ஈரத்தில் ஊறிய நைலோன் முடிச்சு கல்லாகியிருந்தது. “சேர், கத்தி எடுத்துவரப் போயிருக்கினம். கொஞ்சம் பொறுங்கோ.”

சனம் காரைச் சூழ்ந்து யன்னலை அடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தது. வேடிக்கைப் பெட்டிக்குள் இருப்பதுபோல மார்க்கண்டு கொஞ்சநேரம் புன்னகைத்துக்கொண்டு இருந்தார். ஆனால் மணம் புன்னகைக்க விடவில்லை. மூச்சு முட்டியது. கொஞ்சம் காற்று வரட்டும் என்று ஆசனத்தில் ஏறி, இரண்டு கையாலும் மூடியை ஓங்கித் தள்ளினார். கயிற்றுக்கு நடுவில் அது எம்பிக் கொடுத்தது. எம்பிய இடைவெளியால் அவருடைய தலை, தலையில் மூடி, மூடியில் காகம் என்ற ஒழுங்கில் எல்லாம் மேலே கிளம்பின.

பாண்ட் வாத்தியக்காரர் சொன்ன சொல் தவறாதவர்கள். தலை தெரிந்த உடனே தொடங்கிவிட்டார்கள்.

வாத்தியச் சத்தத்தில் காகங்கள் வெருண்டு எழும்பிக் கத்தின. சனம் கை தட்டியது. எதற்கென்று அதற்கும் தெரியாது, இவ்வளவு ஏற்பாடோடு ஒருவர் வந்தால் தட்டத்தானே வேண்டும். மார்க்கண்டு எத்தனையோ நாளாகக் கனவு கண்ட காட்சி அது. மீன்பெட்டி மூடியை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, மற்றக் கையால் அரைக் கும்பிடு போட்டார்.

கத்தி வந்தது. கயிறு அறுந்தது. நிலையத்துப் பந்தலின் ஓரத்தில், மேடைக்குக் கிட்ட, கார் நின்றது. மாலையும் கழுத்தில் விழுந்தது. கட்டையாகிப் போன மாலை நெஞ்சுக்கு இறங்காமல் கழுத்தோடு நின்றதை ஒருவரும் கவனிக்கவில்லை. தாங்கியின் குழாயைத் திருகப் போன நேரம் நிரோஜன் காதுக்குள் சொன்னான்: “சேர், திறப்புவிழாவுக்கு எண்டு தண்ணி கொண்டுவர இருந்த பவுசர் வரேல்லை. இந்த மழை மட்டும் பெய்யாட்டி இண்டைக்கு எங்கட மானம் போயிருக்கும். கூரையில விழுந்தது முழுக்கத் தாங்கிக்குள்ள.”

குழாய் இருமியது. பிறகு கலங்கலாக, பிறகு தெளிவாக, தண்ணீர் கொட்டியது. பெண்கள் குடத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வழிநெடுக அந்த மழையைத் திட்டிக்கொண்டு வந்த மார்க்கண்டு, அதைத் தானே அழைத்து வந்ததுபோல முகத்தை வைத்துக்கொண்டார்.

மேடை. நடுக்கதிரை. தும்புத் தலையணைகூட வைத்திருந்தார்கள். அவருக்கு இடப்பக்கம் இளைப்பாறிய தபாலதிபர் அரியநாயகம். நிகழ்ச்சி நிரலின்படி இன்றைய நன்றியுரை அவருடையது. மார்க்கண்டு அவரைப் பார்த்த பார்வையில் ஒரு புதுப் பணக்காரனின் இரக்கம் இருந்தது. நிரோஜன் ஒலிவாங்கிக்கு முன்னால் வரவேற்புரை தொடங்கினான். மறுபடி தூறல் போட்டது. பந்தலுக்கு வெளியே, காருக்குள், தகப்பனின் தடை இல்லாத லவன் தொலைபேசி வெளிச்சத்தை அடித்துத் தண்டவாளத்தைத் தேடிக்கொண்டிருந்தான். சறோஜினிதேவி கொண்டை ஊசியைக் கழற்றிக் கொடுத்தார்.

மார்க்கண்டு நடுக்கதிரையில் இருந்தபடியே அதைப் பார்த்தார். இறங்கி ஓட ஏலாது. கத்தவும் ஏலாது. நடுக்கதிரையில் இருக்கிறவருக்குத்தான் எத்தனை கட்டுப்பாடு!

“எடுத்தாச்சு!” என்று கத்தினான் லவன். நிரோஜன் மூச்சு வாங்க நிறுத்திய நேரமாகப் பார்த்துக் கத்தினான். “அப்பா, உங்கட மாலையில இருந்து ஒரு முத்துக் கழண்டு இதுக்குள்ள கிடந்திருக்கு!” கொண்டை ஊசியின் நுனியில் அதைத் தூக்கிக் காட்டினான். முழுச் சபையும் திரும்பிப் பார்த்தது.

நிரோஜன் நல்ல பிள்ளை. ஆனால் கையில் ஒலிவாங்கி இருப்பதை மறந்துவிட்டான். “அதெப்பிடி லவன் அண்ணை? மாலையை நாங்கள் இப்பத்தானே சேருக்குப் போட்டனாங்கள்?”

அது நாலு ஒலிபெருக்கியாலும் போய்ச் சுருவிலின் நாலு மூலையிலும் விழுந்தது.

அரியநாயகம் மெதுவாகத் திரும்பி, மார்க்கண்டுவின் கழுத்தை, கட்டை மாலையை, நடுவில் கறுப்புத் தையல் நூலில் விழுந்திருந்த முடிச்சைப் பார்த்தார். தபாலில் வந்ததைப் பிரிக்காமலே உள்ளே என்ன என்று சொல்லக்கூடிய மனிதர். “அப்ப மாலை முதலே ஒருக்கால் காரில ஏறிப் பார்த்திருக்கு” என்றார்.

சறோஜினிதேவி முத்தை வாங்கி உள்ளங்கையில் வைத்து உருட்டினார். “ஓம், காலமை ஆடுதான் ஏறினது எண்டவர்” என்றார், முன்வரிசைக்கு மட்டும் சொல்வதுபோல. “பாவம், ஆடு மாலையெல்லாம் போட்டுக்கொண்டு எழும்பி நிண்டிருக்கு.”

முன்வரிசை பின்வரிசைக்குச் சொன்னது. பின்வரிசை வேலிக்கு வெளியே சொன்னது. சிரிப்பு ஒரு சுற்றுப் போய்த் திரும்பி வந்தபோது நிரோஜன், தன் பிழையைத் திருத்துகிற அவசரத்தில், “அடுத்ததாக எமது பிரதம விருந்தினர் உரை” என்று அறிவித்துவிட்டான்.

மார்க்கண்டு எழும்பினார். மடித்து வைத்திருந்த உரையை விரித்தார். மழைத்துளி ஒவ்வொன்றும் முத்து என்ற வசனத்தின்மேல் மழைத்துளிகள் விழுந்து, அந்தப் பக்கம் முழுவதும் ஒரு நீலக் குளமாகியிருந்தது. மனப்பாடம் செய்தது ஒரு வரிகூட வாயில் வரவில்லை. இனி அந்த முத்தை எடுத்தாலும் சனம் சும்மா விடாது. எதிரே அத்தனை முகங்கள், சிரிப்பை வாய்க்குள் அடக்கிக்கொண்டு.

வாய் திறந்தது. திறந்த வாயால், உத்தியோக காலம் முழுவதும் பழகிய ஒன்றே வந்தது.

“சபையோரே, முதற்கண் எனது நன்றி மழைக்கு. அழைப்பிதழ் இல்லாமலே வந்து, பவுசர் செய்ய வேண்டிய வேலையை அது செய்தது. அடுத்து, தமது மீன்பெட்டி மூடியைத் தந்துதவிய திருவாளர் பஸ்ரியாம்பிள்ளைக்கு நன்றி. அந்த மூடியின் மணம் இந்த மேடைவரை வந்து உங்களுக்கும் வணக்கம் சொல்லியிருக்கும். ஊர்காவற்றுறையிலிருந்து என்னை வழிநடத்தி வந்த காகங்களுக்கு நன்றி; ஒரு பிரதம விருந்தினரை இவ்வளவு தூரம் ஒருவரும் பின்தொடர்ந்ததில்லை.”

சிரிப்பு வெடித்தது. இது வேறு சிரிப்பு. மார்க்கண்டு நிமிர்ந்து நின்றார். குரல் ஏறியது.

“லண்டன் குடையைக் கடலுக்குத் தானம் செய்த என் மனைவிக்கு நன்றி. பல்லால் முடிச்சவிழ்க்க முயன்ற செயலாளருக்கும் அவருடைய பல்லுக்கும் நன்றி. தாங்கி கட்டியவர், கல் சுமந்தவர், குடத்தோடு காத்து நின்றவர்கள் எல்லாருக்கும் நன்றி. காலையில் கொட்டகைக்குள் என் உரையை முழுவதும் கேட்டு, இடையில் எழும்பிப் போகாமல் நின்ற ஆட்டுக்கு விசேட நன்றி. அப்படி ஒரு சபை எனக்கு இதற்குமுன் வாய்த்ததில்லை. நன்றி, வணக்கம்.”

சுருவில் சனசமூக நிலையத்தில் அப்படி ஒரு கைதட்டல் இதற்குமுன் கேட்டதில்லை என்று பிறகு சொன்னார்கள். செருப்புத் தேடியவர் ஒருவரும் இல்லை.

கடைசியாக அரியநாயகம் எழும்பி ஒலிவாங்கிக்கு முன்னால் வந்தார். கையிலிருந்த கடதாசியைப் பார்த்தார். மார்க்கண்டுவைப் பார்த்தார். “எனக்கு ஒருத்தரையும் மிச்சம் வைக்கேல்லை” என்று சொல்லிவிட்டுப் போய் இருந்துவிட்டார்.

தேத்தண்ணீர் நேரத்தில் நாரந்தனை மாதர் சங்கத்துத் தலைவி கோசலா வடையோடு மார்க்கண்டுவிடம் வந்தார். “மாஸ்ரர், தைமாதம் எங்கட ஆண்டுவிழா. நீங்கள் கட்டாயம் வர வேணும்.”

மார்க்கண்டு மாலையைச் சரிசெய்துகொண்டார். “பிரதம விருந்தினராயோ?”

“இல்லை, அதுக்கு ஆள் பிடிச்சாச்சு. நன்றியுரைக்கு. இண்டைக்குச் சொன்ன மாதிரியே சொல்ல வேணும்.”

மார்க்கண்டு மேடையின் நடுக்கதிரையை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். அதில் இப்போது யாரோ தேத்தண்ணீர்த் தட்டை வைத்திருந்தார்கள். வடையைக் கடித்து, மென்று, விழுங்கி, பிரதம விருந்தினருக்கு உரிய நேரத்தை எடுத்துக்கொண்டார்.

“வாறன்,” என்றார். “மாலையை நான் கொண்டு வருவன். நீங்கள் போட மட்டும் வேணும்.”

திரும்பிப் போகும்போது லவன் பெருமையோடு சுவிட்சை அமத்தினான். கண்ணாடி வழுக்கிக்கொண்டு வந்து பொச்சென்று மூடியது. மூவரும் அண்ணாந்து பார்த்து மகிழ்ந்தார்கள். பத்துப் பனை தாண்டவில்லை. பின்னால் கிடந்த மூடியின் மணம் மூடிய காருக்குள் திரண்டு எழும்பியது.

“தம்பி,” என்றார் சறோஜினிதேவி மூக்கைப் பொத்திக்கொண்டு, “அந்த ஓட்டையைத் திற.”

வானம் வெளித்திருந்தது. நாரந்தனை ஒழுங்கைக்குள் கார் மெதுவாகத் திரும்பியபோது, மார்க்கண்டு ஒருவரையும் கேட்காமல் ஆசனத்தில் ஏறி, விண்சாளரத்தால் எழும்பினார். வீதியில் சனம் இல்லை. வேலியோரம் பூவரசங் குழை தின்றுகொண்டு ஆடு மட்டும் நின்றது. அது தலையைத் தூக்கிப் பார்த்தது.

மார்க்கண்டு மாலையை ஒரு கையால் கவனமாகப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் அதற்கு ஒரு கும்பிடு போட்டார்.